கிளைடர் கிளப்பைத் தூக்கி நிறுத்துவதா, மூடுவதா?

நீங்கள் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. போன மாதம் வரை கிளப்பில் சாதாரண உறுப்பினர். சீனியருக்கு ஆஃபர் லெட்டர் வந்ததும் ஸ்டோர் ரூம் சாவியை உங்கள் கையில் திணித்து, "இனிமே நீதான்டா செகரட்டரி, பார்த்துக்கோ" என்று கிளம்பிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் வால் உடைந்த கிளைடர்கள், உப்பிப்போன லைப்போ பேட்டரிகள், யாரோ பாதியில் விட்ட பால்சா இறக்கை, ஆன்டெனா ஆடும் ஒரு ஃப்ளைஸ்கை ரிமோட். வாட்ஸ்அப் குரூப்பில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். கிரவுண்டுக்கு வருவது மூன்று பேர்.

இந்த நிலைமையில் "என்ன சார் பண்றது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உனக்கு இதில் என்ன கிடைக்கும்? கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் ஒரு கிளப்பை எழுப்ப ஒரு செமஸ்டர் முழுக்க உழைக்கப்போவது நீங்கள்தான். கணக்குப் பார்ப்பதில் தப்பே இல்லை.

வழிகள் மூன்று. கிளப்பை மறுபடி நிமிர்த்தலாம். முறையாக மூடலாம். அல்லது எதையும் முடிவு செய்யாமல் இன்னொரு வருடம் தள்ளி, ஜூனியர் ஒருவன் தலையில் கட்டிவிட்டுப் போகலாம். முதல் இரண்டையும் ரெஸ்யூமேயில் எழுத முடியும், இன்டர்வியூவில் பத்து நிமிடம் பேச முடியும். மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தேறாது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் மூன்றாவதில்தான் போய் விழுகிறார்கள். அதற்கு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? உங்களோடு போட்டி போடுகிற கிளாஸ்மேட் இந்நேரம் ட்ரோன் பைலட் கோர்ஸுக்குப் பணம் கட்டியிருப்பான். உங்கள் சனிக்கிழமைக்கு ஒரு விலை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

1. இந்தக் கிளப் எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

"பசங்களுக்கு ஆர்வமே இல்ல சார்" என்பது சோம்பேறித்தனமான பதில். உண்மைக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கிளைடருக்கு மோட்டார் கிடையாது. அதை உயரத்துக்குக் கொண்டுபோகத்தான் ஆள் வேண்டும். எஃப்1ஏ வகை கிளைடரை 50 மீட்டர் கயிற்றில் கட்டி, ஒருவர் இழுத்துக்கொண்டு ஓட, இன்னொருவர் பிடித்திருந்து விட வேண்டும். பங்கீ லாஞ்ச் என்றால் 30 மீட்டர் ரப்பர் குழாய், அதன் முனையில் நூறு மீட்டருக்கு மேல் நைலான் கயிறு. அதை விரித்து, ஆணி அடித்து, ஒவ்வொரு முறையும் கயிற்றின் முனையை யாராவது தேடி எடுத்து வர வேண்டும். வின்ச் இருந்தால் இன்னும் வேலை: கார் ஸ்டார்ட்டர் மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, அதைத் தூக்க இரண்டு பேர். தனியாளால் நடக்கிற காரியமே இல்லை. கிளப் என்று ஒன்று உருவானதே இதற்காகத்தான்.

பிறகு இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, இறக்கை நுனியைப் பிடித்து, வட்டு எறிகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வீசும் டிஸ்கஸ் லாஞ்ச். எஃப்3கே என்று சர்வதேசப் போட்டி வகையே இருக்கிறது. இறக்கை நீளம் 1.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பழகிய கை வீசினால் 50 மீட்டரைத் தாண்டி ஏறும். இன்னொன்று, பிரஷ்லெஸ் மோட்டாரும் லைப்போ பேட்டரியும் மடங்கும் ப்ரொப்பெல்லரும். எஃப்5ஜே போட்டியில் மோட்டாரை அதிகபட்சம் 30 வினாடி ஓட்டலாம். எந்த உயரத்துக்கு ஏறினீர்கள் என்று உள்ளே இருக்கும் கருவி பதிவு செய்யும். 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரை பாயின்ட் போகும், அதற்கு மேலே மீட்டருக்கு மூன்று பாயின்ட். இரண்டு வகையிலும் லாஞ்ச் செய்யக் கூட ஓர் ஆள் தேவையில்லை. பறக்கக் கற்றுக்கொடுக்க சிமுலேட்டர் வந்துவிட்டது. டிசைன் சந்தேகத்துக்கு யூடியூப் இருக்கிறது.

ஆக, சீனியர்கள் காலத்தில் கிளப்புக்கு இருந்த வேலை போய்விட்டது. அது உங்கள் குற்றமும் இல்லை, ஜூனியர்கள் குற்றமும் இல்லை. இனி கேட்க வேண்டியது இது: தனியாக ஒருவன் காசு போட்டு வாங்க முடியாத எதை உங்கள் கிளப் தருகிறது? கிரவுண்டில் பறக்க அனுமதி, ஹாட் வயர் கட்டரும் லேசர் கட்டிங்கும் இருக்கும் ஒர்க்‌ஷாப், போட்டிக்குப் போக டீம், உடைந்ததைப் பார்த்ததும் "சிஜி (ஈர்ப்பு மையம்) பின்னால போயிருக்கு" என்று சொல்லக்கூடிய ஒரு கண். இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் மேலே படியுங்கள். ஓடி (ஆன் டியூட்டி) வாங்கித் தருவது ஒன்றுதான் மிச்சம் என்றால் நேராக எட்டாவது பாயின்ட்டுக்குப் போய்விடுங்கள்.

2. வாட்ஸ்அப்பில் போல் வைக்காதீர்கள்.

"கிளப் தொடரணுமா? ஆம் / இல்லை" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். விரல் அசைக்கச் செலவில்லை. சனிக்கிழமை காலை ஆறரைக்கு கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்கள். டீ கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது, ஓடி கிடையாது. இரண்டு வாரம் தொடர்ந்து வருகிறவர்கள்தான் உங்கள் கிளப். மற்றவர்கள் ஆடியன்ஸ்.

வந்தவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். ஒருவனுக்கு ட்ரோன் கம்பெனியில் வேலை வேண்டும். ஒருத்திக்கு வெளிநாட்டில் எம்எஸ் அப்ளை பண்ண ப்ராஜெக்ட் வேண்டும். இன்னொருவனுக்கு ரீல்ஸ். யாருடைய காரணத்தையும் கேவலமாக நினைக்காதீர்கள். ரீல்ஸ் போடுகிறவன்தான் அடுத்த பேட்ச்சை உள்ளே இழுத்து வருவான். ஏரோநாட்டிக்ஸ் மீது தூய காதல் கொண்டவன் பெரும்பாலும் லேபைப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான்.

3. மேலே வானம் உங்களுடையதா?

இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பாதி முடிவை இதுவே எடுத்துவிடும். 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள் நான்கு மின்விசிறி வைத்ததற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் செகரட்டரிகள் நிறைய. ஆள் உள்ளே இல்லாமல் ரிமோட்டில் பறக்கிற எதுவும் அதற்குள் வரும். உங்கள் ரேடியோ கிளைடரும்தான்.

நல்ல செய்தி இருக்கிறது. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வணிக நோக்கம் இல்லாமல் மைக்ரோ வரை பறக்க ரிமோட் பைலட் சர்டிஃபிகேட் தேவையில்லை. படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் பறக்கிற மாடல் விமானத்துக்கு டைப் சர்டிஃபிகேட்டும் வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தைத் திறந்து உங்கள் கிரவுண்ட் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன்அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் 200 அடிதான். அந்த வரைபடத்தைப் பிரின்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். பதிவு எண் எடுக்க வேண்டியதற்கு எடுத்துவிடுங்கள்.

கெட்ட செய்தியும் உண்டு. கிளைடரின் உயிரே தெர்மல், அதாவது மேலெழும் சூடான காற்று. 60 மீட்டரில் தெர்மலைப் பிடித்து, வினாடிக்கு ஒரு மீட்டர் ஏறினால்கூட ஒரே நிமிடத்தில் 120 மீட்டர் வந்துவிடும். அங்கேயே வெளியே வர வேண்டும். அதனால் மணிக்கணக்கில் மிதக்கும் கனவோடு கிளப்பை ஓட்டாதீர்கள். குறைந்த உயரத்தில் வீசி, துல்லியமாக இறக்கும் போட்டிகளாக மாற்றுங்கள். சென்னை, கோவை, திருச்சி, மதுரை எங்கும் ரன்வே அருகே காலேஜ்கள் உண்டு. உங்கள் கிரவுண்ட் சிவப்பில் இருந்தால் ரேடியோ கிளைடரை மறந்துவிட்டு, ஆடிட்டோரியத்துக்குள் வீசும் சக் கிளைடர், டிசைன், சிமுலேஷன் என்று போக வேண்டியதுதான். அதுவும் கௌரவமான கிளப்தான்.

4. எந்த மாதம், எத்தனை மணி?

கிளப்கள் சாகும் இடம் இது என்பது என் தனிப்பட்ட கருத்து. நம் காலேஜ்களில் புதுமுகங்கள் உள்ளே வருவது ஆகஸ்ட், செப்டம்பர். டெமோ வைப்பதும் அப்போதுதான். நேரம்? கிளாஸ் முடிந்து மாலை நாலரை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆடி முடிந்தாலும் அந்தக் காற்று உடனே ஓய்ந்துவிடுவதில்லை. அதில் 200 கிராம் தெர்மக்கோலை வீசிவிட்டு, அது கேன்டீன் கூரையில் போய் விழுவதைப் புதிய பசங்க முன்னால் நடத்திக் காட்டுகிறார்கள். உடுமலை, பல்லடம், ஆரல்வாய்மொழிப் பக்கம் காலேஜ் என்றால் கேட்கவே வேண்டாம். காற்றாலை நட்டிருக்கிற ஊரில் மாலையில் கிளைடர் விடுவது தைரியம் இல்லை, திட்டமிடாமை. சென்னையில் பகலிலேயே கடல் காற்று உள்ளே வந்துவிடும். சின்ன ஃபோம் கிளைடர் பறக்கும் வேகமே வினாடிக்கு ஏழெட்டு மீட்டர்தான். எதிர்க்காற்று அதே வேகத்தில் அடித்தால் அது இருந்த இடத்திலேயே நிற்கும், திரும்பினால் பக்கத்துத் தெருவில் இருக்கும்.

முதல் நாள் பத்து கிளைடர் கொண்டுபோய்ப் பத்தும் உடைந்தால் யார் இரண்டாம் வாரம் வருவார்கள்? ஆர்வம் இல்லை என்று நாம் எழுதிவைப்பதில் பாதி, காற்று செய்த வேலை.

மாற்றுங்கள். ஆகஸ்ட்டில் பறக்கவே வேண்டாம், கட்டட்டும். உள்ளே, ஒர்க்‌ஷாப்பில். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி பிறந்ததும் காலை ஆறரை முதல் எட்டு வரை கிரவுண்டுக்குப் போங்கள். பனி விலகும் அந்த நேரத்தில் காற்று அசையாது. கை பழகாதவன் வீசினாலும் கிளைடர் நேராகப் போகும். ஹாஸ்டல் பசங்க காலையில் எழமாட்டார்கள் என்று சொல்வீர்கள். எழாதவர்களை வைத்து இந்தக் கிளப்பை நடத்த முடியாது, அவ்வளவுதான்.

5. தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரு பேப்பரில் மூன்று கட்டம் போடுங்கள்: கட்டத் தெரிந்தவர், ட்ரிம் செய்து பறக்கத் தெரிந்தவர், இன்னொருவருக்குச் சொல்லித்தரத் தெரிந்தவர். மூன்றிலும் உங்கள் பெயர் மட்டுமே இருந்தால், நீங்கள் பாஸ் அவுட் ஆகிற அன்று கிளப்பும் பாஸ் அவுட். கொரோனா காலத்தில் பல காலேஜ்களில் இந்தச் சங்கிலி அறுந்தது. மாதக்கணக்கில் கேம்பஸ் மூடிக்கிடந்தபோது சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்குப் போக வேண்டியது போகவில்லை. பிபிடி போனது, கை போகவில்லை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நாண் நீளத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சிஜி இருக்க வேண்டும் என்பதை ஸ்லைடில் படித்துவிடலாம். மூக்கில் எவ்வளவு களிமண் ஒட்டினால் அது தலைகுத்தாமலும் மூக்கைத் தூக்கித் தள்ளாடாமலும் போகும் என்பது வீசி வீசித்தான் வரும்.

இங்கே ஒரு கூட்டாளி உங்கள் கேம்பஸிலேயே இருக்கலாம்: என்சிசி ஏர் விங். ஏரோமாடலிங் அவர்கள் பாடத்திட்டத்திலேயே உண்டு. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் நடக்கிறது. கேடட்டுகள் அதிகாலையில் எழுந்து பழகியவர்கள் என்பது கூடுதல் லாபம். உங்கள் ஈகோவைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பேசுங்கள்.

6. ஹெச்ஓடியிடம் கண்ணீர் விடாதீர்கள், காகிதம் கொடுங்கள்.

"சார், பதினைந்து வருஷப் பாரம்பரியம் சார்" என்று போனால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். அவருக்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். நாக், என்பிஏ அங்கீகாரத்துக்கு மாணவர் செயல்பாட்டு ஆவணம் வேண்டும். பேனரில் போடப் பரிசு வாங்கிய போட்டோ வேண்டும். விபத்து, பேரன்ட் கம்ப்ளைன்ட், போலீஸ் கேள்வி இவை வேண்டாம். ஆக ஒரே பக்கம்: பறக்கும் இடத்தின் வரைபடம், பாதுகாப்பு விதிகள், தேதி வாரியாக ஐந்தாறு நிகழ்ச்சிகள், எந்தப் போட்டிக்குப் போகிறோம், எவ்வளவு பணம். போட்டிக்குப் பஞ்சமில்லை. எஸ்ஏஇ இந்தியா தென்மண்டலத்தின் ஏரோ டிசைன் சேலஞ்ச் இருக்கிறது. போயிங் நிறுவனம் ஐஐடிகளோடு சேர்ந்து நடத்தும் தேசிய ஏரோமாடலிங் போட்டி இருக்கிறது. இரண்டுக்கும் மோட்டார் உள்ள விமானம் தேவைப்படும் என்பதை மறைக்காதீர்கள். கிளைடரில் கை பழகிய டீமுக்கு மோட்டார் போடுவது பெரிய தாவல் இல்லை.

பணம் பற்றி ஒரு வரி: பால்சாவுக்கு ஆசைப்படாதீர்கள். தெர்மக்கோல், கோரோபிளாஸ்ட், சன்போர்டு போதும். முதல் செமஸ்டரில் உடையப்போவதை விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

7. ஒரு செமஸ்டர். எழுதிவைத்த அளவுகோல். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இதுதான் முக்கியமான படி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் முயற்சி, பிறகு "பரவாயில்லை, ஓரளவு வந்தாங்க" என்று சமாதானம். நீங்கள் டிசம்பரிலேயே அளவுகோலை எழுதி, தேதி போட்டு, ஸ்டாஃப் இன்சார்ஜுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். உதாரணமாக இப்படி:

ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை. புதியவர்கள் எட்டுப் பேர் சொந்தக் கையால் சக் கிளைடர் கட்டிப் பத்து வினாடியாவது பறக்கவிட வேண்டும். அவர்களில் நான்கு பேர் நாம் கூப்பிடாமலே மார்ச்சிலும் வர வேண்டும். என்னைத் தவிர இரண்டு பேர் ரேடியோ கிளைடரை வீசி, சொன்ன இடத்தில் இறக்க வேண்டும். அதில் ஒருவராவது இரண்டாம் ஆண்டாக இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நான் வேண்டுமென்றே லீவு போடுவேன்; அன்றும் செஷன் நடக்க வேண்டும்.

கடைசி வரிதான் உண்மையான பரீட்சை. நீங்கள் வராத அன்று யாரும் கதவைத் திறக்கவில்லை என்றால் அது கிளப் இல்லை, உங்கள் ஹாபி. ஹாபியைத் தாராளமாகத் தொடருங்கள். அதற்கு செகரட்டரி பதவி தேவையில்லை.

நான்கில் மூன்று வந்தால் தொடருங்கள். இரண்டுக்குக் கீழே என்றால் மூடுங்கள். சரியாக இரண்டு என்றால்? அப்போதும் மூடச் சொல்வேன். இழுபறிக்கு இடம் கொடுத்தால் முதலில் சொன்ன மூன்றாவது வழிக்குள் நீங்களே நடந்து போகிறீர்கள்.

8. மூடுவதென்றால் ஒழுங்காக மூடுங்கள்.

முதலில் கணக்கு. கையிருப்புப் பணம் எவ்வளவு, யாருக்குப் பாக்கி, டிபார்ட்மென்ட்டுக்குத் திருப்ப வேண்டியது எவ்வளவு. பிறகு பொருள் பட்டியல்: ரிமோட், சர்வோ, சார்ஜர் ஒவ்வொன்றும் போட்டோவோடு. ட்ரோன் கிளப்போ ரோபோட்டிக்ஸ் கிளப்போ இருந்தால் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். இன்னும் சிறந்தது இணைப்பு: "ட்ரோன் கிளப்பின் ஃபிக்ஸட் விங் பிரிவு" என்று உள்ளே போய்விடுவது. நாலு மோட்டாரை மட்டுமே அறிந்த பசங்களுக்கு இறக்கை தெரிந்த ஆள் தேவை. மூடியதும் ஆயிற்று, கலை தொடர்ந்ததும் ஆயிற்று. உப்பிய லைப்போவைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள். நல்ல பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து ஒப்படையுங்கள். முழு சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் அதுவும் உப்பும்.

அலும்னி குரூப்பில் ஒரு நாள் புயல் அடிக்கும். "எங்க காலத்துல..." என்று தொடங்கும் மெசேஜ்கள் வரும். பதில் ஒன்றே: "அண்ணா, அடுத்த ரெண்டு மாசம் சனிக்கிழமை காலைல வந்து சொல்லிக் குடுக்க முடியுமா?" யாராவது முடியும் என்றால் யோசியுங்கள். ஹார்ட் எமோஜி போட்டவர்களை எண்ண வேண்டாம்.

9. இப்போது உங்கள் பங்கு: ரெஸ்யூமே.

"பிரசிடென்ட், கிளைடர் கிளப், 2 ஆண்டுகள்" என்று எழுதினால் யார் கண்ணும் நிற்காது. அதே மாதிரி பிரசிடென்ட்டுகள் ஆயிரம் பேர் லைனில் நிற்கிறார்கள். என்ன இருந்தது, என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். "3 பேர் வந்த கிளப், செஷனைக் காலைக்கு மாற்றி, சக் கிளைடர் பயிற்சி தொடங்கி, ஒரு செமஸ்டரில் 11 பேர், 2 ஜூனியர் பயிற்சியாளர்கள்." எண்கள் உங்களுடையதாக, நிஜமாக இருக்கட்டும். பொய் எண் மூன்றாவது கேள்வியில் உடையும்.

டெக்னிக்கல் பக்கம் கிளைடர்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு, அதைப் பயன்படுத்தத் தெரியாமல் விடுகிறார்கள். மோட்டார் இருந்தால் மோசமான டிசைனும் பறக்கும். கிளைடரில் இழுவை, எடை, ட்ரிம் எல்லாம் அம்பலம். பேனலில் இருப்பவர் "சிஜி பின்னால் போனால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பாடப்புத்தக வரியோடு நிறுத்தாமல், உங்கள் கிளைடர் எப்படி மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தது, எத்தனை கிராம் சேர்த்ததும் நின்றது என்று சொல்லுங்கள். எக்ஸ்எஃப்எல்ஆர்5 மென்பொருளில் போட்ட கணக்கும் கிரவுண்டில் வந்த நேரமும் எவ்வளவு விலகின, ஏன் என்று சொல்ல முடிந்தால் பக்கத்து நாற்காலிக்காரரை அங்கேயே தாண்டிவிட்டீர்கள். அந்த மென்பொருளின் அடியில் இருக்கும் எக்ஸ்ஃபாயிலை 1986-இல் எழுதியவர் அமெரிக்க எம்ஐடி பேராசிரியர் மார்க் ட்ரெலா. 1988-இல் கிரீட் தீவிலிருந்து சான்டோரினி வரை 115 கிலோமீட்டர், மனிதன் பெடல் மிதித்தே பறந்த டெய்டலஸ் விமானத்தின் வடிவமைப்பிலும் அவர் கை உண்டு. அதே மனிதர்தான் கையால் வீசும் மாடல் கிளைடர்களுக்கு ஏர்ஃபாயில் வரைந்து எல்லோருக்கும் கொடுத்தவர். இது பொழுதுபோக்கா வேலையா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமிருந்ததாகத் தெரியவில்லை.

மேலதிகாரியை மாடலால் மடக்கிய கதையும் ஒன்று உண்டு. 1962 வாக்கில் நாசாவின் கலிஃபோர்னியா மையத்தில் டேல் ரீட் என்ற இன்ஜினீயர், இறக்கையே இல்லாத விமானம் பறந்து இறங்க முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை. வீட்டில் ஒரு மாடல் செய்து, ரிமோட் மாடல் விமானத்தில் கட்டி மேலே இழுத்துப்போய் விடுவித்தார். அது சறுக்கி இறங்கியதை அவர் மனைவி 8 எம்எம் கேமராவில் படமெடுத்தார். அந்தப் படத்தை டைரக்டருக்குப் போட்டுக் காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் ஒட்டுப்பலகையில் செய்த எம்2-எஃப்1. 1963-இல் அதை ஒரு பான்டியாக் காரில் கட்டி ஏரிப்படுகையில் இழுத்தே சோதித்தார்கள். இதில் உங்களுக்கான டிப் சிம்பிள்: ஸ்லைடு வேண்டாம், வீடியோ எடுங்கள். முப்பது வினாடி, ஒரே ஷாட், வீசுவதிலிருந்து இறங்குவது வரை. போனில் தயாராக வைத்திருங்கள். கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

மூடியவர்களுக்குத் தனியாக ஒன்று. "ஏன் மூடினீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஜூனியர்களைக் குறை சொன்னால் முடிந்தது கதை. நாளை டீமையும் இப்படித்தான் பேசுவீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். அளவுகோல் இது, தேதி இது, வந்த எண் இது, பொருளை இன்னாரிடம் ஒப்படைத்தேன் என்று நான்கு வாக்கியத்தில் நிறுத்துங்கள். நல்ல பேனலாக இருந்தால் அடுத்த கேள்வி வரும்: "மறுபடி தொடங்கச் சொன்னால் எப்படித் தொடங்குவீர்கள்?" அதற்கான பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். எந்த மாதம், எத்தனை மணிக்கு, என்ன பொருளில், முதல் வாரம் யாரை அழைப்பீர்கள், எந்த எண் வராவிட்டால் நிறுத்துவீர்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும், ஒரு நிமிடத்துக்குள்.